மூக்கைப் பொத்தும் ஒரு முகம் தேடி

நான் விழுப்புரத்தில் ஓவிய ஆசிரியை. திங்களன்று பள்ளிக் கண்காட்சி. போன வருடம் நான் வரைந்த தாமரைக் குளத்தை எல்லோரும் முட்டைக்கோஸ் தோட்டம் என்றார்கள். இந்த முறை மானத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

நானூறு வருடங்களுக்கு முன் பிளெமிஷ் ஓவியர்கள் (பெல்ஜியம் பக்கத்து ஆட்கள்) ஐம்புலன்களை வரையத் தேவதைகளைத் தேடவில்லை. குடியானவர்களைப் பிடித்தார்கள். கசப்பு மருந்து குடித்தவனின் கோணல் வாய், சுவை. பிளாஸ்திரியைப் பிய்க்கும்போது அலறுகிறவன், தொடுதல். பிள்ளைக்குக் கால் கழுவிவிடும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால், நாற்றம். இதையெல்லாம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வரைந்துவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 6.40 பஸ். 40 கிலோமீட்டர், 35 ரூபாய். மார்க்கெட்டுக்கு ஆட்டோ 80 ரூபாய். அரியாங்குப்பத்து டிரைவர் கையில் பழைய பிளாஸ்திரி இருந்தது. படம் வரையும் விஷயத்தைச் சொன்னேன். எப்படியும் இன்று பிய்க்க வேண்டியதுதான் என்று பிய்த்தார். முடியோடு வந்தது, முகமும் கிடைத்தது. காலி ஃபிளாஸ்க்குக்குள் உற்றுப் பார்த்த டீக்காரர், பேரத்துக்குக் காதைத் தீட்டிய பூக்காரர், மாங்காய் கடித்த பெரியவர் என ஒன்பது மணிக்குள் நான்கு படம் முடிந்தது.

மிச்சம் நாற்றம். மீன் விற்கும் அஞ்சலை அக்காவிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொன்னேன். புரியவில்லை என்றார். நானே பொத்தி, முகத்தைச் சுளித்துக் காட்டினேன். பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள், அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

"டீச்சரம்மா, எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க. இப்ப செவுளத் தூக்கி மோந்து பாருங்க. நல்லாருக்குதுன்னு நாலு பேரு காதுல வுழுற மாரி சொல்லுங்க."

மோந்தேன், சொன்னேன். உண்மையிலேயே கடல் வாசம்தான். வெட்கத்தில் இரண்டு கிலோ சங்கரா வாங்கினேன், 700 ரூபாய். படம் மட்டும் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ் ரெட்டியார்பாளையம் தாண்டியது. பக்கத்து சீட்காரர் துண்டால் மூக்கைப் பொத்தி, வாயைக் கோணினார். அச்சு அசல் பிளெமிஷ் முகம். சந்தோஷப்பட வேண்டியவள்தான், ஆனால் முதலில் வந்தது கோபம்.

"காலையில வந்த மீனுங்க. வேணும்னா செவுளத் தூக்கி மோந்து பாருங்க" என்றேன்.

அவர் துண்டை எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பினார். வில்லியனூர் வரை அசையவே இல்லை. பக்கவாட்டில் தெரிந்த அந்த முகத்தை அதற்குள் வரைந்து முடித்துவிட்டேன்.

திங்களன்று யாரும் முட்டைக்கோஸ் என்று சொல்லவில்லை. ஹெச்.எம். மட்டும் ஐந்தாவது படத்தின் முன்னால் நின்று, தன்னையறியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் மார்க்கெட்டில் இருங்கள். வரையும் முன் அனுமதி கேளுங்கள். மீன்கடை முன்னால் மட்டும், அரித்தாலும் மூக்கைத் தொடாதீர்கள்.