கடைக்கு ஒரு அட்டை, வீட்டுக்கு ஒரு அட்டை

ஹப்ஸா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வெட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்துக்கு வருகிறாள். மகளின் சட்டைக்கென்று சற்று முன்னர் தானே அளந்து வெட்டிய பூத்துணியை எடுத்து, முதன்முறை பார்ப்பவளாக விரித்துப் பார்க்கிறாள். தையல் பிள்ளைகளில் ஒருத்தியிடம், "இது என்ன விலை?" என்று கேட்கிறாள். பிள்ளை விலை சொல்கிறாள். "கொஞ்சம் குறைங்களன்." "குறைக்க ஏலா ராத்தா, முதலாளி ஏசுவாங்க." முதலாளி பெருமூச்சு விட்டு வீட்டுப் பணப்பையைத் திறந்து காசை எண்ணி வைக்கிறாள். பிறகு திரும்பவும் மேசையைச் சுற்றிப் போய், அதே காசை எடுத்துக் கடை மேசையின் காசு லாச்சியில் போட்டு, தன் பெயருக்கு ஒரு பில் எழுதிக் கிழித்து வீட்டுப் பணப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

முதன்முதல் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவே இல்லை. "கடைக்கு வாய் இல்ல டீச்சர். அதுக்காக நாமதான் பேசணும்" என்றாள்.

காத்தான்குடியில் பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், அபாயா தைத்து விற்கும் சின்னக் கடை அது. பின்பக்கம் அவளுடைய வீடு. கணவன் மின்ஹாஜ் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். கடையில் நான் அரைப் பங்காளி. என் பெயர் சுலோஜனா, ஆரையம்பதியில் படிப்பிக்கிறேன். பள்ளி விட்டதும் பஸ் ஏறி வந்து, பின்னேரம் வரைக்கும் இங்கே உட்கார்ந்து ஆளுக்கு ஆள் வாய் கொடுத்துக்கொண்டிருப்பேன். முதல் போட்டதைத் தவிர நான் செய்யும் வேலை அது ஒன்றுதான் என்று ஹப்ஸா சொல்வாள். பொய்யென்று சொல்லமாட்டேன்.

கடைக்கும் வீட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கதவும் ஒரு திரைச்சீலையும்தான். ஆனால் அந்தத் திரைக்கு இந்தப் பக்கத்து இஞ்சித் தேநீர் வேறு, அந்தப் பக்கத்து இஞ்சித் தேநீர் வேறு. கடைக்கு ஒரு சீனிப் போத்தல், வீட்டுக்கு ஒரு சீனிப் போத்தல். வீட்டுத் தலையணை உறைக்குப் பொத்தான் பிய்ந்தால், கடை நூலில் ஒரு முழம் எடுக்கமாட்டாள். கைத்தொலைபேசியைக்கூடக் கடை மின்சாரத்தில் ஏற்றுவதில்லை. ஒருநாள் அவசரத்தில் ஏற்றிவிட்டு, "எவ்வளவு வரும் டீச்சர் இதுக்கு?" என்று என்னைப் போட்டுக் குடைந்தாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் தமிழ் படிப்பிக்கிறவள்.

கடனட்டை விஷயத்திலும் இதே கதை. துணி மொத்தமாக வருவது வெளிநாட்டிலிருந்து. விற்கிறவர்கள் அட்டையில்தான் காசு கேட்கிறார்கள். ஆகவே கடைக்கென்று நீல நிறத்தில் ஓர் அட்டை எடுத்தாள். அதற்கு வங்கி தாராளமான கடன் எல்லை கொடுத்தது. வீட்டுக்கென்று அதே வங்கியில் மண்ணிறத்தில் இன்னோர் அட்டை. அதற்கு மட்டும், "சின்ன லிமிட் போதும், கூட்டித் தரவேணாம்" என்று கேட்டு வாங்கினாள். இரண்டும் அவள் பெயரில்தான். மாதக் கணக்குக் கூற்று வந்த அன்றைக்கே இரண்டையும் முழுசாகக் கட்டிவிடுவாள். "வட்டி எண்ட சொல்லே என்ட வாசல்ல ஏறப்படா" என்பாள். வங்கிக்கு இவளால் ஒரு சதம் லாபம் கிடையாது. ஆனாலும் அவர்கள் வருஷா வருஷம் நாட்காட்டி அனுப்பத்தான் செய்கிறார்கள், பாவம்.

போன வருஷம் இந்த இரண்டு அட்டையும் சேர்ந்து என் உயிரை எடுத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஹப்ஸாவின் மகள் ஸுஹைனாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. மூன்று வயதில் கொழும்பில் சத்திர சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன யந்திரம்; அதிலிருந்து ஒரு வட்ட வில்லை, தலைமுடிக்குள் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் பிள்ளைக்கு உலகமே கேட்கும், அது இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. எட்டு வயதில், கேட்டது கேளாதது எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் வாயாடி அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போனார்கள். வாவியை இங்கே ஆறு என்றுதான் சொல்வோம். கரைக்கட்டிலிருந்து குனிந்து மீன் பார்த்த பிள்ளையின் தலையிலிருந்து அந்த யந்திரம் வில்லையோடு கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. தோணியில் நின்ற மீன்பிடிக்காரர் ஒருவர் தன் தொழிலை விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே வலையை வீசி வீசி இழுத்தார். நண்டு வந்தது, பாசி வந்தது, யாரோ தொலைத்த செருப்பு வந்தது. அதுமட்டும் வரவில்லை. நண்டையாவது கொண்டுபோங்க என்று அந்த மனுஷன் கேட்டாராம். ஹப்ஸா அதைச் சொல்லும்போதே அழுதாள், நானும் அழுதேன்.

அந்த வகை யந்திரம் இனிமேல் செய்யப்படாது என்றார்கள். கம்பெனியிடம் கடைசியாக ஒன்று இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. பிள்ளையின் பழைய அளவுகளை அதற்குள் பதிந்தே அனுப்புவார்களாம். ஆனால் அன்று பின்னேரத்துக்குள் இணையத்தில், கடனட்டையில் முழுக்காசும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். பிறகு புது வகைக்கு மாற வேண்டும். அதற்கான காசு எங்கள் யாருடைய கனவிலும் இல்லை.

இந்தக் கடைசி ஒன்றுக்கான காசு இருந்தது, அதுதான் கொடுமை. மின்ஹாஜ் கூட்டாளிமாரிடம் புரட்டி அனுப்பியிருந்தான், ஹப்ஸா சங்கிலியை விற்றிருந்தாள். எல்லாம் வங்கிக் கணக்கில் பத்திரமாகக் கிடந்தது. கணக்கோடு தந்த டெபிட் அட்டை வெளிநாட்டுக்கு அவ்வளவு பெரிய தொகை கட்ட விடாது. அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை; வங்கி பூட்டு. காசைக் கடனட்டையில் கட்டி வைத்தாலும் மறுநாள்தான் ஏறும். மண்ணிற அட்டையின் எல்லையோ கால்வாசிக்கும் காணாது.

"நீல அட்டையில கட்டுங்க, நாளைக்கி அந்தக் காச அதுலயே போட்டுருவம்" என்றேன்.

"கடை அட்டையால வீட்டுச் சாமான் வாங்கவா? அது நடக்காது டீச்சர்."

"சாமானா? காது ஹப்ஸா, பிள்ளைட காது!"

"காது எங்கட வீட்டுக் காதுதானே" என்றாள். கொஞ்சமும் அசையவில்லை. ஒருதரம் தொட்டால் மறுதரம் கை கூசாது, அதற்குப் பிறகு எது கடையுடையது எது தன்னுடையது என்று தனக்கே தெரியாமற் போய்விடும் என்று அழுது அழுது சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த நீல அட்டையைப் பறித்துக்கொண்டு ஓடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் வங்கியின் தொலைபேசி எண்ணுக்கு எடுத்தோம். தமிழுக்கு ஓர் இலக்கம், கடனட்டைக்கு ஓர் இலக்கம், பிறகு பாட்டு, அதற்குப் பிறகு ஓர் இளம் பொடியனின் குரல். மண்ணிற அட்டையின் எல்லையை இப்போதே கூட்டித் தர முடியுமா என்று ஹப்ஸா கேட்டாள். புதிதாகக் கூட்டுவதென்றால் விண்ணப்பம் போட்டு நாளெடுக்கும் என்றான். பிறகு அவன் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்களுக்கு எங்கட பாங்குலயே ரெண்டு காட் இருக்குதானே? மற்றதுல இருக்கிற லிமிட்டக் குறைச்சு இதுக்கு மாத்தலாம். மொத்தம் மாறாதபடியா இப்பவே செய்து தரலாம்" என்றான்.

நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். ஹப்ஸா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அது கடைட லிமிட் தம்பி."

"மேடம்?"

"கடையில எனக்கு ஒரு பங்காளி இருக்காங்க. அவங்களக் கேக்காமச் சொல்ல ஏலா."

"கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம், நான் லைன்ல இருக்கன்."

பங்காளி ஒரு முழத் தூரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹப்ஸா முக்காட்டைச் சரிசெய்து, இன்றைக்குத்தான் சந்திக்கிறவள்போல என் பக்கம் திரும்பினாள்.

"லிமிட் ஆருட காசும் இல்ல ஹப்ஸா" என்று நான் முந்திக்கொண்டேன். "உங்களுக்கு இவ்வளவு வரைக்கும் தரலாமெண்டு பாங்கு வச்சிருக்கிற நம்பிக்கை. அத அந்த அட்டையில இருந்து இந்த அட்டைக்குத் தள்ளுறாங்க. லாச்சியில இருந்து ஒரு சதம் வெளியில போகல்ல."

"அது விளங்குது டீச்சர். ஆனா கடைக்கு லிமிட் குறையும். அடுத்த கிழமை பெருநாள் துணி எடுக்கணும். அதுக்குள்ள இது திரும்பாட்டி அரைவாசித் துணிதான் வரும். வாற லாபத்துல பாதி உங்கட."

இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அவள் சொன்னது உண்மை. பெருநாள் வியாபாரத்தில்தான் எங்கள் வருஷமே ஓடுகிறது. இவ்வளவு நேரமும் ஒன்றுமில்லாததற்குப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவளோ, பிள்ளை பாயில் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருக்க, என்னுடைய பாதியைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"குறைஞ்சாக் குறையட்டும்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லப்படா. ஹலாலாக்கித் தாங்க."

இங்கே அது வழக்கம். வேலி தாண்டி விழுந்த மாங்காய்க்கும் சொல்வார்கள், பிரயாணம் போகும்போதும் சொல்வார்கள். உரியவர் மனமுவந்து, வாயால் விட்டுக்கொடுக்க வேண்டும். மனதுக்குள் விட்டால் காணாது.

"ஹலால், ஹலால், எல்லாம் ஹலால். சுறுக்கா மாத்தச் சொல்லுங்க!"

"சிரிச்சிக்கிட்டுச் சொல்றீங்க. இது கூடாது. மனசால சொல்லுங்க."

கடவுளே! மணிக்கூடு ஓடுகிறது, அந்தப் பொடியன் லைனில் மூச்சு விடுவது கேட்கிறது. நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, "கடை லிமிட்டில என்ட பங்க ஸுஹைனாவுக்காக மனசோட விட்டுத்தாறன். லாபம் குறைஞ்சாலும் எனக்கு ஒரு குறையும் இல்ல. ஹலாலாக்கிட்டன்" என்றேன். சொல்லி முடிக்கும்போது எனக்குச் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நான் சொன்னது அவ்வளவும் உண்மையாகவே இருந்தது.

தொலைபேசிக்குள்ளிருந்து பொடியன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப மாத்தட்டுமா மேடம்?"

அழைப்பைப் பதிவு செய்வோம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆகவே கொழும்பில் எங்கோ ஒரு வங்கிக் கணினியில், நான் ஹலாலாக்கியது இப்போதும் கிடக்கும்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. நீலத்தில் குறைந்தது, மண்ணிறத்தில் கூடியது. ஹப்ஸா அட்டை இலக்கத்தை வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். ஓர் இலக்கம் பிழைத்து, மறுபடி தட்டினேன். திரையில் பச்சை அடையாளம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி வளைந்துவிட்டது. அந்தக் கண்ணாடியைத்தான் இன்றும் போட்டிருக்கிறேன். அன்று பின்னேரம் பஸ்ஸில் போகும்போது எதற்கென்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன். அப்படியொரு நிம்மதி.

மறுநாள் வங்கி திறந்ததும் கணக்கிலிருந்த காசை மண்ணிற அட்டையில் கட்டினாள். அது ஏறிய கையோடு தொலைபேசியை எடுத்து, "கடைட லிமிட்டக் கடைக்கே திருப்பிப் போடுங்க" என்றாள். பெருநாள் துணி எடுக்க அது நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நான் அவ்வளவு பெரிய மனதோடு விட்டுக்கொடுத்த லாபத்தில் ஒரு சதமும் குறையவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பொதி வருவதற்குச் சில கிழமைகள் எடுத்தன. அந்த நாட்களில் ஹப்ஸா பிள்ளையோடு பேசியதெல்லாம் ஒழுங்கை முழுவதும் கேட்டது. சோறு தின்னச் சொல்வதும் கத்தல், சப்பாத்துப் போடச் சொல்வதும் கத்தல். "கத்தினாப் போல கேக்குமா?" என்று கேட்டேன். "கேக்காதெண்டு தெரியும் டீச்சர். இந்த வாய்க்கு விளங்குதில்ல" என்றாள். பிள்ளை அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்து, பாதி விளங்கிப் பாதி விளங்காமல், பேசுவதையே குறைத்துக்கொண்டு வந்தது. அதுதான் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது.

பெருநாள் நெருக்கத்தில், ஒரு வியாழக்கிழமை பொதி வந்தது. கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் திரையை விலக்கி வீட்டுக்குள் ஓடினோம். ஹப்ஸா பிள்ளையை மடியில் இழுத்து, முடியை விலக்கி, யந்திரத்தைக் காதில் மாட்டினாள். வில்லை தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு சின்ன வெளிச்சம் மினுங்கியது.

"ஸுஹைனா! மகள்! உம்மா கதைக்கிறது கேக்குதா?" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு யன்னல் திறந்தது.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. "கத்தாதீங்க உம்மா. எனக்குக் கேக்குது."

ஹப்ஸா இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.