முகவரி எழுதாத பெயர்

ஓய்வுபெற்றுக் கொல்லிமலையில் குடியேறிய எனக்குக் கணினி தெரியும் என்பதால், மூன்று நாடுகளின் (இங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) மிளகு விவசாயிகள் குழுக்களும் தங்கள் மின்னஞ்சலை என்னிடம் ஒப்படைத்தன. குழுவுக்கு ஒரு டொமைன், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். மூன்றுக்கும் ஒரே சர்வர். முதலில் சேர்ந்த ஆலத்தூர் நாட்டுக் குழுவின் டொமைனிலேயே சர்வருக்குப் பெயர் வைத்தேன். இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில், மற்ற இரண்டு டொமைன்களின் பதிவுகளிலும், அஞ்சல் வருவதும் போவதும் அந்தப் பெயருள்ள சர்வர் வழியாகத்தான் என்று எழுதினேன்.

திண்ணனூர் நாட்டுக் குழுத் தலைவர் அதைக் கண்டுவிட்டார். "ஏனுங்க, எங்க லெட்டருக்கு ஆலத்தூர்க்காரங்க பேரு எதுக்குங்க?"

இங்கே ஒரு நாட்டின் பெயருக்குக் கீழ் இன்னொரு நாடு நிற்காது. விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, அவர்களுடைய பதிவுகளில் மட்டும் சர்வருக்குத் திண்ணனூர்ப் பெயரை எழுதினேன். அந்தப் பெயருள்ள சர்வர் எந்த இணைய எண்ணில் இருக்கிறது என்று சொல்லும் பதிவை எழுதவில்லை. பெயர் இருந்தது; தேடிப் போனால் ஆளில்லை.

அந்தக் குழுவின் கடிதங்களை ஒரு பெண் கவனித்துவந்தார். மரவள்ளிக் காட்டு வேலை முடித்து வந்து லேப்டாப் முன் உட்காருவார். பதிலே வரவில்லை என்று சேலத்து மிளகு வியாபாரி போனில் சத்தம் போட்டார். கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். சர்வரைத் திறந்துகூடப் பார்க்காமல், "அந்த அம்மா முகவரியைத் தப்பா அடிச்சிருப்பாங்க" என்றேன். அன்றே லேப்டாப்பை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

மறுவாரம், திரும்பி வந்த கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு இங்கிலீசு அரைகொறைதானுங்க. ஆனா எல்லாத்துலயும் ஒரே பேரத்தான் கெடைக்கலைன்னு போட்டிருக்குது. அது வியாபாரி பேரு இல்லீங்க. நம்ம சர்வரு பேருதானுங்களே?"

அவர் சொன்னது சரி. அந்தப் பெயரைத் தேடிக் கிடைக்காததால்தான் வியாபாரியின் சர்வர் அவருடைய கடிதங்களை வாங்காமல் திருப்பியிருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, தவறு என்னுடையது, அந்த அம்மாவுடையது அல்ல என்றேன். சர்வருக்கு ஆலத்தூர்ப் பெயர் ஒன்றே இருப்பது நல்லது என்றும் சொன்னேன். தலைவர் முகம் சுளித்தார். அந்தப் பெண்தான் பேசினார்: "ஆலத்தூர் போர்டு போட்ட பஸ்ஸுன்னு நாம ஏறாமலா இருக்கோம்? ஊடு வந்து சேந்தாப் போதாதுங்களா?" கூட்டமே சிரித்தது, தலைவரும்.

லேப்டாப் அவரிடம் திரும்பியது. பதிவுகளைத் திருத்தினேன். இரண்டு நாளில் வியாபாரியின் பதில் வந்தது.

"இனிமே மொதல்ல உங்க பொட்டியத் தொறந்து பாருங்க சாமி. அப்பறமா எங்களத் திட்டுங்க" என்றார் அந்தப் பெண்.

அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருந்தால் இன்றும் நான் அவர்மேல்தான் பழி போட்டுக்கொண்டிருப்பேன். பழி போட்டவன் வீட்டுக்கே அந்தக் காகிதங்களோடு மேடேறி வந்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.