வாகியெம் சொல்லாத பெயர்

நாற்பது வயதுவரை வாகியெமுக்குப் பயம் என்றால் ஆலங்கட்டி மழையும் விளைந்த புகையிலைக்கு விலை வைக்கிற வியாபாரியும்தான். சும்பிங் மலைச்சரிவில் பிறந்தவள். பதினாறு வயதில் கார்த்தோவுக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணில் வைத்தாள். அதற்கப்புறம் ஊரிலிருந்த மூங்கில் புத்த விகாரையில் போய்க் கண்ணை மூடி உட்காரப் பழகினாள். அங்கே அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. பொய் சொல்ல மாட்டேன், உயிரைக் கொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எழுந்து வந்து மக்காச்சோளச் சோறு ஆக்குவாள். அவ்வளவுதான் அவள் மதம்.

கம்யூனிஸ்டுகளை ராணுவம் வேட்டையாடிய அறுபத்தாறாம் வருஷம் அதுவே கழுத்துக்குக் கத்தியாக வந்தது. மதமில்லாதவன் செங்கொடிக்காரன், செங்கொடிக்காரன் என்றால் லாரி. லாரியில் ஏறியவன் திரும்பி வந்ததாக அந்த மலையில் ஒரு கதைகூட இல்லை.

ஊர் அலுவலகத்தில் வீட்டுக்கு ஒருவராகப் போய் மதத்தைப் பதிந்தார்கள். கார்த்தோ போனான். பெரிய மனுஷன் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வது அந்த மண்ணில் கிடையாது. அடித்தாலும் 'சரிங்கய்யா' என்றுதான் வரும். பட்டணத்திலிருந்து வந்திருந்த ராணுவ அதிகாரி, "புத்த மதமா? அதுல கடவுளே இல்லையாமே?" என்றான். கார்த்தோ குனிந்து, "சரிங்கய்யா" என்றான். "அப்போ அது மதமே கிடையாது." அதற்கும் "சரிங்கய்யா." எழுதிக்கொண்டார்கள்: மதம் இல்லை. இந்த மகராசன் கும்பிடு வேறு போட்டுவிட்டு வந்திருக்கிறான்!

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று வாகியெம் கத்தினாள்.

"அவரு இடுப்புல துப்பாக்கி இருந்துச்சுடி. எப்படி எதிர்த்துப் பேசுறது?"

"மசூதிக்குப் போற சுரோத்தோவையும் இப்படித்தான் கேட்டாங்களா?"

"இல்ல. இஸ்லாம்னு சொன்னான், எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாங்க. மாதாகோயில்காரங்களுக்கும் அப்படித்தான். நமக்கு மட்டும்தான் கேள்வி."

வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியல் ராணுவ முகாமுக்குப் போகிறது. இடையில் ஒரே நாள்.

விடிந்ததும் கிராம எழுத்தர் தர்மாஜியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தர்மாஜி கெட்டவர் இல்லை.

"மாத்தி எழுதுங்கய்யா. புண்ணியமாப் போகும்."

"ஏம்மா, என் தலைக்கு உலை வைக்கப் பாக்குறியா? மதம்னா வேதம் வேணும், தூதர் வேணும், கடவுள் வேணும். மொத ரெண்டும் உங்ககிட்ட இருக்கு. கடவுள் எங்க?"

பொய் சொல்ல மாட்டேன் என்று இருபது வருஷமாகச் சொன்ன வாய் அவளுடையது.

"எந்தப் பேரைச் சொன்னா ஒத்துக்குவாங்கய்யா?"

எழுத்தர் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து ஊர்ல ஒருத்தன் ஆதி புத்தர்னு சொன்னானாம். ஒத்துக்கிட்டாங்களாம்."

"அவருதாங்கய்யா எங்க கடவுள்."

"கும்பிடுறீங்களா?"

"இன்னையிலேருந்து."

எழுத்தர் பேனாவை எடுத்து 'மதம் இல்லை'யை அடித்துவிட்டுப் புத்த மதம் என்று எழுதினார். "நான் சொன்னேன்னு மூச்சு விடாத. ஊரே ஒரே பேரை ஒப்பிச்சா, சொல்லிக்குடுத்தது யாருன்னு என்னைத்தான் தூக்குவாங்க. அப்புறம் உன் புருஷன் பேரும் பழைய இடத்துக்கே போயிரும்."

அன்று முழுக்கக் கார்த்தோவை உட்காரவைத்து அந்தப் பெயரை மனப்பாடம் செய்யவைத்தாள். நடுவில் பக்கத்து வீட்டு லெகிமான் எட்டிப் பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். விகாரையில் இவளுக்குப் பின்வரிசையில் உட்காருகிறவன். பெயர் பதிந்த அன்று அதிகாரி வருவதற்கு முன்பே முதல் ஆளாகப் போய்ப் புத்த மதம் என்று பதிந்துவிட்டதால் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"என்ன அண்ணி, அண்ணன் மந்திரம் ஓதுறாரு?"

"ஒண்ணுமில்ல தம்பி. தொண்டை கட்டிக்கிச்சு, கனைச்சுப் பாக்குறாரு."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டியல் போனது. மத்தியானம் முகாமிலிருந்து வேறோர் அதிகாரியை ஏற்றிக்கொண்டு ஜீப் வந்தது. பின்னாலேயே லாரி. புத்த மதம் என்று எழுதியவர்களைச் சரிபார்க்கிறார்களாம். மற்ற வீடுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உன் கடவுள் பேரென்ன?"

"ஆதி... ஆதி புத்தருங்கய்யா." கார்த்தோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதிகாரி தாளில் ஒரு கோடு போட்டான். பூட்ஸ் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

"உன் கடவுள் பேரென்ன?"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வாகியெம் தட்டியோடு ஒட்டி நின்றாள். லெகிமான் மூச்சு விடுவது கேட்டது. இடுக்கு வழியாக முணுமுணுத்தாலே போதும், அவன் காதில் விழுந்துவிடும். கார்த்தோ அவள் கையைப் பிடித்து இறுக்கினான்.

"தெரியலைங்கய்யா," என்றான் லெகிமான். "பொய் சொல்லக் கூடாது, உயிரைக் கொல்லக் கூடாதுன்னு தினமும் சொல்லுவோம். அது பத்தாதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். இழுத்துக்கொண்டு போகும் சத்தம். அவன் பெண்டாட்டி போட்ட கூச்சல் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

வாகியெம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். லாரி கிளம்பியபோது அந்தப் பாவி மனசு முதலில் நினைத்தது என்ன தெரியுமா? 'அப்பாடா, நம்ம வீடு இல்ல.'