அக்கா சொன்ன சாட்சியம்

நான் வழக்கில் வென்றவள். ஊரில் கேட்கிறவர்கள் எல்லாம் "நல்லதாப் போச்சு" என்கிறார்கள். எனக்கோ அந்தப் பேச்சே வேப்பங்காயாய்க் கசக்கிறது.

சண்டைக் காலத்தில் விடத்தல்தீவிலிருந்து வள்ளமேறி இந்தியாவுக்குப் போனபோது, வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். பிறகு ஷெல் விழுந்து அவர் வீடு இடிந்தது. பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே அகதி முகாமில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடி நாங்கள் திரும்பியபோது கூரை புதிது, கிணற்றுக்குக் கட்டு, முற்றத்தில் தென்னை. "இது இப்ப எங்கட வீடு" என்றான் அவருடைய மகன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் இணக்கசபைக்குத்தான் போனோம். "காணியைப் பிரியுங்கோ, கிணறு ரெண்டு பேருக்கும் பொதுவாய் இருக்கட்டும்" என்று மத்தியஸ்தர்கள் கெஞ்சாத குறை. அக்கா தலையாட்டினார். நான்தான், "காணி உறுதி என்ட பேரில கிடக்கு. ஒரு சாண் விடமாட்டன்!" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

மன்னார் நீதிமன்றத்தில் வழக்கு இழுபட்டது. பத்து வருஷத்துக்கு மேல் தன்னுடையதாகவே ஆண்டு அனுபவித்தவருக்குக் காணி சொந்தமாகலாம் என்றார் என் சட்டத்தரணி. பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த காணி மட்டும் எத்தனை வருஷம் இருந்தாலும் சொந்தமாகாது, மேல் நீதிமன்றங்களே அப்படித் தீர்த்திருக்கின்றன என்றும் சொன்னார். "ஆனா நீங்கள் அப்பிடிக் குடுத்ததுக்குச் சாட்சி இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார். திறப்பை யார் தந்தது என்று என் சட்டத்தரணி கேட்டார்.

"ஓம் ஐயா, தங்கச்சிதான் தந்தவ. வருமட்டும் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா எண்டவ. வேதத்தில கைவச்சிட்டு என்னெண்டு இல்லையெண்டுறது?"

அவர் மகன் தலையிலடித்துக்கொண்டான். எனக்கு இல்லாத சாட்சியை அக்காவே தந்துவிட்டார். வீட்டை விடச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

அன்று ஊருக்குப் போகும் பஸ்ஸில் சரியான சனம். அக்கா ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். "இரு பிள்ளை, வெயிலுக்க நிண்டனீ." கூசிக்கூசி இருந்தேன். நீங்களும் இருங்கோ அக்கா, பாதியைப் பிரிப்பம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. என் வீடு, என் வாய், யார் தடுத்தது? பாழாய்ப்போன நாக்கு எழும்பவில்லை.

அக்காதான் கேட்டார்: "எப்ப வாறியள்? சொன்னா, கூட்டிக் கழுவி வைப்பன்."

"வாற திங்கள்" என்றேன்.