முகமுள்ள பீங்கான்கள்

இங்கிலாந்தில் பாலைப் பசுவின் வாயிலிருந்து ஊற்றுகிறார்கள். நீங்கள் நம்பமாட்டீர்கள். முதுகுத் துளையில் பாலை நிரப்பி, வாலைப் பிடித்துச் சாய்த்தால், வாய்வழியே தேநீரில் விழும். பீங்கான் பசுதான். ஆனாலும் முதலில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அதையே வாங்கினேன்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்து வரும் வழியில், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் ஒரு சாரிட்டி ஷாப். உலகப்போருக்குப் பிறகு அந்நாட்டுப் பட்டறைகளில் செய்த பீங்கான்கள் அங்கே தூசியேறிக் கிடக்கும்: வாய் பிளந்த மீன் கூஜா, கழுத்து நீண்ட பூனை, வரிக்குதிரையின் வரிகளை மட்டும் பூசிய பூச்சாடி. அந்தச் சாடியை நான் எடுத்தபோது கடைக்காரப் பெண்மணி, “யூ ஹேவ் அன் ஐ” என்றார். என் கண் சிவந்திருப்பதைச் சொல்கிறார் என்றெண்ணி, “நோ ஸ்லீப்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நல்லதைப் பார்க்கும் கண் உண்டு, ரசனை உள்ளவன் என்று பாராட்டியிருக்கிறார். அது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

போன விடுமுறைக்குச் சொந்த ஊரான கீழக்கரை வந்தபோது, வாங்கிச் சேர்த்த எல்லாவற்றையும் கைலிகளில் சுற்றிக் கொண்டுவந்தேன். இங்கிலாந்தில் வாடகை குறைந்த சின்ன அறைக்கு மாறியிருந்தேன். அங்கே கட்டில் போக நடக்கத்தான் இடம். எங்கள் வீட்டுச் சுவர்களில் கொடி உண்டு, பூ உண்டு, அரபு எழுத்து உண்டு, முகம் கிடையாது. அது தெரிந்தும் ஹால் அலமாரியில் அடுக்கினேன். மாலை அஸர் தொழ வந்த உம்மா, தொழுகை விரிப்பான முசல்லாவைக் கையில் சுருட்டியபடியே நின்றார்.

“உருவம் இருக்குற வீட்டுக்கு மலக்குமாரு வரமாட்டாகடா. இங்கன வேணாம்.”

“சும்மா பீங்கான்தான் உம்மா.”

“கண்ணு, வாயெல்லாம் வச்சிருக்கே.”

வானவர்கள் வரமாட்டார்கள் என்பதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். உள்ளறைக்குப் போய்த் தொழுதார். வாதாட எனக்குத் தெம்பில்லை. திரும்பி வந்தவர் பூனையை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

“இம்புட்டையும் எதுக்குடா வாங்குனே?”

“வேலை விட்டு வந்தா ரூம்ல ஒரு மூஞ்சி இருக்காது உம்மா.”

உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூனையை என் மடியில் வைத்தார்.

“அப்ப இதுகள அங்கனயே கொண்டு போ. வரி போட்ட சாடி மட்டும் இங்கன இருக்கட்டும். அதுக்குக் கண்ணு இல்ல.”

மறுபடியும் கைலிகளில் சுற்றினேன். இப்போது அவை இங்கிலாந்தில் என் அறை ஜன்னல் விளிம்பில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வீடியோ காலில் உம்மா கேட்கிறார்:

“பூனை நல்லாருக்கா? காட்டு பாப்போம்.”

தூக்கிக் காட்டுகிறேன். போன் திரையின் பெரிய கட்டத்தில் உம்மாவும், அவர் தலைக்குப் பின்னால் வரிச்சாடியும். மூலையில், கட்டைவிரல் அகலத்தில், நானும் பூனையும்.