சவ்வுமிட்டாய்க்காரரின் செம்புத் தண்ணீர்

நாகல் நகர்ப் பிள்ளைகளுக்கு ஜமால் முகமதைக் கண்டால் உயிர். மூங்கில் கம்பில் சுற்றிய சவ்வுமிட்டாயை இழுத்து மணிக்கட்டில் கடிகாரம் கட்டிவிடுவார். மணி மட்டும் பார்க்க முடியாது. அதற்குள் முள்ளோடு நக்கித் தீர்த்துவிடுவார்கள்.

விற்றது போக மிச்சமெல்லாம் மகள் உம்மு சல்மாவுக்கு. ஐந்து வயது. படுத்த பிறகும் ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் தூங்குவாள். "என் யாவாரத்துக்கு அவதான் முதலாளி" என்று அவருக்குப் பெருமை வேறு.

ஒருநாள் முதலாளியின் கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை.

"பால்பல்லுதானே, தானா விழுந்துரும்" என்ற ஜமால், தனக்குப் பல்வலி வந்தால் செய்கிற மாதிரியே புகையிலைத் துணுக்கை அவள் சொத்தைப் பல்லில் அடைத்தார். பிள்ளை வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள்.

அவர் மனைவி ஜெய்தூன் பீவி மகளை வாரி எடுத்து, துணுக்கைத் தோண்டி எறிந்தாள். "ஊருப் பிள்ளைக பல்லைத் தின்னது போதாதா? எம்பிள்ளையவும் முழுங்கப் பாக்குறீகளா? நடங்க ஆஸ்பத்திரிக்கு!"

போகிற வழியெல்லாம் ஜமால் வாயே திறக்கவில்லை. பிள்ளையின் சூடு தோளில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் மகளும் வாய் திறக்கவில்லை. மாங்காய்ப் பூட்டு போட்ட மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டாள். டாக்டரம்மா கெஞ்சியும் அசையவில்லை. "அத்தா மொதல்ல காட்டட்டும்" என்று பல்லிடுக்கில் முனகினாள்.

ஜமால் சிரிக்கும்போதுகூடத் துண்டால் வாயை மறைக்கிற ஆள். துண்டை எடுத்தார். எட்டிப் பார்த்த டாக்டரம்மா, "பாய், பிள்ளையைவிட உங்க பாடு மோசம். உட்காருங்க" என்றார்.

ஜமால் உட்கார்ந்தார். குறடு அருகில் வந்ததுதான் தாமதம், தொடக்கூட இல்லை, "யா அல்லா!" என்று அலறினார். வராந்தாவில் தூங்கியவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். சல்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூட்டு திறந்தது.

பிள்ளைக்கு மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை எடுத்து, சீழை வடித்தார்கள். "இன்னும் விட்டிருந்தா தாடைக்குள்ள போயிருக்கும். பால்பல்லும் பல்லுதான், பாய்."

வீக்கம் வடிந்தபின் ஜமால் மறுபடி தெருவில் இறங்கினார். கம்பில் ஒரு செம்புத் தண்ணீர் தொங்கியது.

"ஏலே, தின்னவன் இங்கேயே கொப்பளிக்கணும். இல்லாட்டி நாளைக்குக் கடிகாரம் கெடையாது."

"போங்க பாய், நாங்க புளியங்கா தின்னுக்கிறோம்!" என்று பாதிப்பேர் கலைந்தார்கள். ஜமால் முகம் தொங்கியது.

பின்னாலேயே வந்த ஓட்டைப் பல் முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அத்தா, மொதல்ல நீ கொப்பளி!"

நடுத்தெருவில், துண்டில்லாமல், ஜமால் வாய் திறந்தார்.