மஞ்சள் நிறத்து ஊருக்குப் பதினோரு பேர்

என் மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். நான் அங்கே போனதும் ஏழு நாள் கார் பயணமாம். பாலைவனம், நடுநடுவே ஐந்து தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் தி.நகரில் இருக்கிற மாதிரி பெஞ்சும் சுண்டலும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு ஜில்லா அளவாம், உள்ளே செக்கச்செவேலென்று பாறைகளாம். எங்கே எத்தனை மணிக்கு நிற்கிறோம், பெட்ரோல் எங்கே, அடுத்த கழிப்பறை எத்தனை மைல் என்பது வரை குறித்திருக்கிறாள். கழிப்பறைக்கு ஒரு சின்ன நீலப் பொம்மை. முதல் நாளில் மட்டும் ஒன்பது நீலம் எண்ணினேன்.

"இன்னா நைனா, பிளான் எப்படி கீது?" என்று போனில் கேட்டாள். ஆபீஸில் என்ன பாஷை பேசுவாளோ, என்னிடம் சைதாப்பேட்டைதான்.

"அந்த நீலப் பொம்மையை யோசிச்சவன் பெரிய ஆளும்மா."

"போ நைனா! மலை மாரி பாறைய உட்டுட்டு கக்கூஸைப் பாத்துகினு கீற."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நீலப் பொம்மை என்னை மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால், என் பழைய வேன் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

மூணாங்கிளாஸ் தாண்டாதவன் நான். கார் கழுவுவதில் ஆரம்பித்து, முப்பத்திரண்டு வயதில் சொந்த வேன் வாங்கினேன். பிறகு ஆறு வேன் ஓட்டினேன். இதை நான் அடிக்கடி சொல்வதாக வீட்டில் குறை. சொல்லாமல் எப்படி இருப்பது? ஆற்றங்கரைக் குடிசையில் என்னோடு கோலி ஆடியவர்களில் வேன் வாங்கியவன் நான் ஒருத்தன்தான். அந்த முதல் வேனின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. டீசல், வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டு, அதன் மேல் மயிலாப்பூர் மாமிகள் சிந்திய புளிக்காய்ச்சல்.

ஒரு நாள் காலை, கையில் குடையும் கக்கத்தில் நீளமாகச் சுருட்டிய ஏதோ ஒன்றுமாக ஓர் அம்மா வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தவர். பூகோள டீச்சர் என்றால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"ஏம்ப்பா, நீ பாலைவனம் போயிருக்கியோ?"

நான் அதுவரை விஜயவாடாவைத் தாண்டியதில்லை. "இன்னா டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? கண்ணைக் கட்டி உட்டாக்கூட போய்ட்டு வருவேன்" என்றேன்.

"எல்லாரும் காசிக்கு வரயா, ராமேஸ்வரம் வரயான்னுதான் கேக்கறா. நேக்குக் கோயில் வேண்டாம். முப்பது வருஷம் பாலைவனம் பாடம் எடுத்தாச்சு. ஒரு பிடி மணலைக் கண்ணால பார்த்ததில்லை."

"பெசன்ட் நகர்ல இல்லாத மணலா டீச்சர்?"

"அது கடல் கொண்டுவந்த மணல். இது காத்து கொண்டுவந்த மணல். ரெண்டும் ஒண்ணா?"

அட, மணலில் இரண்டு ஜாதி இருக்கிறதா என்று எனக்கு அப்போதே ஓர் அரிப்பு பிடித்துக்கொண்டது.

கக்கத்தில் இருந்தது இந்தியா மேப். கிழிந்துபோனதென்று பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போட இருந்ததை வாங்கி வந்திருந்தார். துணியில் ஒட்டியது. விரித்ததும் ரசகற்பூர வாசனை தும்மலை வரவழைத்தது. வேனின் பானெட்டில் பரப்பி, நாலு மூலையிலும் ஸ்பானர் வைத்தோம். எனக்கு மேப் படிக்கத் தெரியாது, அவருக்கு ரோடு தெரியாது. இருந்தும் பயணத்தைப் போட்டுவிட்டோம்.

"மஞ்சளா இருக்கே, அதான் பாலைவனம்."

"அதுக்கு முன்னால பச்சையா கீதே, அது இன்னா டீச்சர்?"

"காடு. புலி இருக்கு."

"அப்ப அந்தப் பச்சை வழியாவே போயி மஞ்சள்ல எறங்கிடலாம்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். மேப்பில் சாண் போட்டு அளந்தேன். மூன்று சாணும் நாலு விரற்கடையும். அப்புறம் பாரிமுனை லாரி ஆபீஸ்களில் நாலு நாள் டீ வாங்கிக் கொடுத்து, வடக்கே போய்வந்த டிரைவர்களின் வாயைக் கிளறினேன். எங்கே டீசல், எங்கே பாலம் உடைந்திருக்கிறது, எங்கே குடிக்கிற தண்ணீர் கிடைக்காது, எல்லாம் என் மண்டையில் ஏறியது. தண்ணீர் விஷயத்தில்தான் என் மூளையைப் பாராட்ட வேண்டும். ரேடியேட்டருக்கு இரண்டு கேன், ஆளுக்கு இத்தனை செம்பு என்று கணக்குப் பார்த்து எட்டு கேன். ஒரு மனுஷன் இதைவிட என்ன யோசிக்க முடியும்?

டீச்சரோடு சேர்த்துப் பதினோரு பெண்கள், மற்ற பத்துப் பேரும் அவருடைய சிநேகிதிகள், அநேகமாக ரிட்டயரான வாத்தியார்கள். பங்குனி பிறந்த சமயம் கிளம்பினோம். பச்சையில் புலி கண்ணில் படவில்லை. கால்தடம் மட்டும் பார்த்தோம். அதற்கே டீச்சர் குந்தி உட்கார்ந்து விரலால் அளந்தார். ஜோத்பூர் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு அதுவும் இல்லை. எங்கே திரும்பினாலும் வானம் தரையைத் தொட்டது. இப்படி ஒளிவுமறைவே இல்லாத பூமியை நான் பார்த்ததில்லை.

கேன்களைப் பார்த்தேன். தண்ணீர் குறையவே இல்லை. என்ன கட்டுப்பாடான ஜனங்கள், என் கணக்கு எவ்வளவு தாராளம் என்று எனக்குள் ஒரே பெருமை.

ஜெய்சல்மேரில் இரவு தங்கி, மறுநாள் மணல்மேட்டுக்குக் கிளம்பினோம். இன்னும் அரைமணி ஓட்டம் இருக்கும்போது பூகோள டீச்சர் பக்கத்து சீட்டில் சாய்ந்தார். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை. வேனைத் திருப்பி நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை மட்டும் ஒரு நாளும் பெருமையாகச் சொல்ல மாட்டேன். அவ்வளவு பயம்.

ஊர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் "பானி? பானி?" என்று கையால் குடித்துக் காட்டிக் கேட்டாள். எட்டு கேன் என்று நான் விரல் காட்டினேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் பாட்டு டீச்சராக இருந்த அம்மா வாயைத் திறந்தார்.

"எப்படிப்பா குடிக்கறது? குடிச்சா எறங்கணும். எறங்கி எங்க போறது? கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மறைவு இல்லையே. ரெண்டு நாளா நாங்க எல்லாருமே வாயை நனைச்சுண்டுதான் வரோம். இவ அதுவும் பண்ணலை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்கிட்ட எப்படிடாப்பா சொல்றது?"

ரேடியேட்டரின் தாகம் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. அங்கேயே கடைத்தெருவுக்குப் போய் நாலு மூங்கிலும் கெட்டித் துணியும் வாங்கி, வேனின் பின்பக்கம் மறைப்பு கட்ட வழி செய்தேன். அதற்குப் பிறகு என் ஆறு வேனிலும் அந்த மறைப்பு இருந்தது. மெட்ராஸிலேயே முதலில் வைத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஏன் வைத்தேன் என்று சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

டீச்சருக்குப் பகலில் நினைவு தெளிந்தது. மறுநாள் நாங்கள் புறப்பட்டே ஆக வேண்டும். கூட வந்த ஓர் அம்மாவின் பேரனுக்குப் பூணூல் தேதி வைத்திருந்தார்கள். டாக்டரோ வெயில் கூடவே கூடாது என்றுவிட்டார். டீச்சர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. "நீங்கள்லாம் போய்ட்டு வாங்கோ. வந்து நேக்குச் சொல்லுங்கோ" என்றார்.

சாயங்காலம் பத்துப் பேரோடு போய் வந்தேன். அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று "ரொம்ப நன்னா இருந்துதுடீ" என்றார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"மஞ்சளா இருந்துதோ?"

"மஞ்சள் இல்ல டீச்சர். தவிட்டு நிறம். பொழுது சாயறப்போ செங்கல் தூள் மாரி ஆச்சு. ஆனா வழியெல்லாம் மணலே இல்ல, கல்லும் முள்ளும்தான். ஆடு மேயுது."

"ஆடா! என்ன தின்னுண்டிருந்தது?"

"எலையே இல்லாத பச்சைக் குச்சி. நான்கூட ஒண்ணைக் கடிச்சுப் பாத்தேன். கசப்பு."

"மணல்மேடு ரெண்டு பக்கமும் ஒரே சரிவா, இல்லை ஒரு பக்கம் செங்குத்தா?"

எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்கிறவன் நான். யாருக்குத் தெரியப்போகிறது, ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். "அதைப் பாக்கல டீச்சர்" என்றேன். "தெரியல."

மறுநாள் வெளுக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரே ஒரு நடை டீச்சரை அழைத்துப் போகட்டுமா என்று நர்ஸிடம் சைகையில் கெஞ்சினேன். அவள் திட்டியது இந்தியில் என்றாலும் எனக்கு முழுசாகப் புரிந்தது. தனியாகவே வேனை எடுத்தேன். மேட்டில் ஏறி, இந்தப் பக்கம் நடந்து, அந்தப் பக்கம் சறுக்கி விழுந்து, திரும்ப ஏறி, பெண்கள் குளித்துக் காபி குடித்துப் பெட்டி கட்டுவதற்குள் வந்துவிட்டேன்.

"மேல்காத்து வர்ற பக்கம் சரிவு டீச்சர். பொறுமையா ஏறலாம். சூரியன் மொளைக்கிற பக்கம் செங்குத்து. நிக்க முடியல, இடுப்பு வரைக்கும் மணல். காத்து இந்தாண்டேருந்து தள்ளிகினு போயி அந்தாண்ட கொட்டுது. கண்ணால பாத்தேன், மேட்டு உச்சியில பொகை மாரி பறக்குது."

ஊசி குத்தாத கையால் போர்வையில் ஒரு மேடு வரைந்து பார்த்தார். "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. நெஜமாவே அப்படித்தானா!" என்றார். "முப்பது வருஷமா பார்க்காமலே சத்தியம் பண்ணிண்டிருந்தேன்" என்று சிரித்தார். என் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் நெடுந்தூரம் எங்கேயும் போகவில்லை. நான்தான் போனேன். எந்த ஊர் போய் வந்தாலும் வீட்டுக்குப் போகுமுன் அந்த மாடிப் போர்ஷனில் ஏறுவேன். மண் என்ன நிறம், வயலில் என்ன பயிர், கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் என்று குடைவார். அவர் கேட்பாரே என்பதற்காகவே நான் பார்க்கப் பழகினேன். பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது.

அந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். டீச்சர் அதற்கு முன்பே போய்விட்டார். ஸ்டாண்ட் இருந்த இடத்தில் மருந்துக்கடை. வேன்களை விற்றாயிற்று.

போன வருஷம் ரயிலில் காசிக்குப் போய் வந்தேன். வீட்டில் பத்திரமா வந்தியா, சாப்பிட்டியா என்றார்கள். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், எல்லாரும் கட்டைவிரல் பொம்மை போட்டார்கள். கங்கையில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருந்தது என்று எண்ணி வைத்திருக்கிறேன். பதினேழு. இதுவரை யாரும் கேட்கவில்லை.